காத்திருப்பிலும் மூணாம் வகுப்பு

போன சனிக்கிழமை திருவொற்றியூர் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டர்ல காரை விட்டுட்டு மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏசி, சோபா, டிவி, காபி மெஷின். முதலாளி வண்டியை ஓட்டிட்டு வந்த டிரைவர்கள் மட்டும் வெளியே, மதில் நிழல்ல.

இது நம்ம ஏரியாவுக்குப் புதுசில்லைங்க. 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ரயிலோடு ஒரு பழக்கமும் வந்தது: டிக்கெட்டைப் பார்த்துத்தான் வசதி.

1917-ல் காந்தி பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூணாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டியில் பெரும்பாலான தூரம் 35 பேருக்கு மேல். முதல் வகுப்புக் கட்டணம் அஞ்சு மடங்குக்கு மேல். ஆனா அந்த வசதியில் பத்தில் ஒரு பங்காவது இவங்களுக்குக் கிடைக்குதா என்று கேட்டு எழுதினார். மேல் வகுப்பின் சொகுசுக்குக் காசு கொடுப்பதே மூணாம் வகுப்புக் கூட்டம்தான் என்றும் சொன்னார்.

1974-ல் ரயில்வே மூணாம் வகுப்பையே எடுத்துவிட்டது.

கிளம்பும்போது ஃபீட்பேக் ஃபாரம் நீட்டினாங்க. "வசதி எப்படி?" பத்துக்குப் பத்து போடப் போன கை நின்னுடுச்சு. 'வெளியே ரெண்டு பெஞ்ச், ஒரு ஃபேன் போடுங்க'ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

அடுத்த சர்வீஸுக்குப் போறப்ப பார்த்துட்டு சொல்றேன்.