ஸ்கர்ட்டில் வெட்டிய ஜன்னல்: கர்ப்பகால உடை பிறந்த கதை

கர்ப்பிணிக்கென்று தனியாக உடை தைத்துக் கடையில் தொங்கவிடும் வழக்கத்துக்கு வயது நூற்றி இருபதைச் சற்றே தாண்டும். பெண்கள் பிள்ளை பெறத் தொடங்கிய காலத்தோடு வைத்துப் பார்த்தால் இது நேற்றைய சங்கதி. அதற்கு முன்னும் வயிறு வளர்ந்தது, துணி இறுகியது. ஆனால் அதற்கொரு உடை தேவை என்று கடைக்காரர் யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் எளிது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுப் பெண்கள் வயிறு தெரியத் தொடங்கியதும் வீட்டுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். உள்ளே தொளதொளத்த கவுன் போதும். அப்போதும் இடுப்பை இறுக்கும் கார்செட்டை முழுக்கக் கழற்றிவிட மனம் வராது. பக்கவாட்டில் நாடா வைத்து, மாதம் ஏற ஏறத் தளர்த்திக்கொள்ளும் கர்ப்பகாலக் கார்செட்டுகள் அன்று விற்பனையில் இருந்தன. ஏழைப் பெண்ணுக்கு ஒதுங்கியிருக்க வழியில்லை. இருந்த உடையின் தையலைப் பிரித்துவிட்டு, பிரிந்த இடத்தை ஏப்ரனால் மறைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். காசு வைத்திருந்தவள் வெளியே வரவில்லை, வெளியே வந்தவளிடம் காசில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வியாபாரம் பிறக்காமலே கிடந்தது.

அதைப் பிறக்கவைத்தவர் லேனா ஹிம்மல்ஸ்டீன். அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த லித்துவேனியாவில் பிறந்த யூதப் பெண். பதின்வயதில், 1895இல், தூரத்து உறவினரோடு நியூயார்க் வந்து இறங்கினார். அந்த உறவினர் அவரைத் தங்கள் மகனுக்குக் கட்டிவைக்கும் எண்ணத்தில்தான் கூட்டி வந்திருந்தார்கள். லேனா முடியாது என்று சொல்லிவிட்டு அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். தையல் பட்டறையில் வாரம் ஒரு டாலர் கூலிக்கு உள்ளாடை தைக்கத் தொடங்கியவர், நான்கே ஆண்டில் வாரம் 15 டாலர் வாங்கும் தேர்ந்த தையல்காரி ஆனார். டேவிட் பிரையன்ட் என்ற நகை வியாபாரியை மணந்தார். மகன் பிறந்து சில மாதங்களிலேயே கணவர் இறந்துபோனார். கையில் குழந்தை, கழுத்தை நெரிக்கும் செலவு. கல்யாணப் பரிசாக வந்திருந்த வைரத் தோட்டை அடகு வைத்து, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி ஒரு சிங்கர் தையல் இயந்திரம் வாங்கினார்.

1904இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சிறு கடை பிடித்தார். வங்கிக் கணக்குத் தொடங்கும் படிவத்தில் லேனா என்ற பெயர் எழுத்து மாறி ‘லேன்’ ஆகிவிட்டது. திருத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டார் என்பார்கள். கடைக்கும் அதுவே பெயராயிற்று: லேன் பிரையன்ட். வாயும் வயிறுமாக இருந்த வாடிக்கையாளர் ஒருவர் அவரிடம் வந்து ஒரு உடை கேட்டார். நாலு பேர் முன்னால் நிற்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், உடம்புக்கும் வசதியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே துணியில் கிடைக்காத காலம் அது.

லேனா செய்தது இன்று கேட்டால் மிகச் சாதாரணம். விசிறி மடிப்பு வைத்த ஸ்கர்ட்டை மேல்சட்டையோடு எலாஸ்டிக் பட்டையால் இணைத்தார். வயிறு வளர எலாஸ்டிக் இளகும், மடிப்புகள் விரியும். தைத்த உடை தானாகவே மாதத்தோடு வளர்ந்துவிடும். கடையில் வாங்கக்கூடிய முதல் கர்ப்பகால உடை என்று வரலாறு குறித்துவைத்திருப்பது இதைத்தான். விலை 18 டாலர், தையல்காரியாக லேனா வாங்கிய ஒரு வாரக் கூலியைவிட அதிகம். பிறகு தெருவில் நடந்துபோவதற்கான உடைகளையும் தைத்தார்.

தைத்தாயிற்று, யாரிடம் சொல்வது? எந்தச் செய்தித்தாளும் விளம்பரத்தை வாங்கவில்லை. கர்ப்பம் என்பதை அச்சில் ஏற்றுவதே அநாகரிகம் என்று கருதிய காலம். வாய்வழிச் செய்தியிலேயே பல ஆண்டு வியாபாரம் ஓடியது. 1911இல் நியூயார்க் ஹெரால்ட் ஒருவழியாக இடம் கொடுத்தது. பிள்ளை சுமப்பவள் இனிமேல் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை, மற்றவர்களோடு கலந்து பழகட்டும், அதற்கு மற்றவர்களைப் போலவே உடுத்தட்டும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். துணியின் தரத்தைவிட வெளியே வரும் உரிமையைத்தான் அது விற்றது. மறுநாளே கடையின் சரக்கு முழுக்கக் காலி.

அடுத்தது தபால் விற்பனை. கடைப் படியேறி, முன்பின் தெரியாதவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்கக் கூசியவர்கள் கேட்டலாகைப் பார்த்து எழுதிப்போட்டார்கள். லேனாவின் இரண்டாவது கணவர் ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். கணக்கு வழக்கும் உற்பத்தியும் அவர் கைக்குப் போயின. 1917க்குள் விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு ஓட்டை உண்டு. வாடிக்கையாளர் சில மாதத்துக்குத்தான் வாடிக்கையாளர். பிள்ளை பிறந்ததும் போய்விடுவார். மால்சின் பெண்களின் உடலளவுகளைத் திரட்டி ஆராய்ந்து, பருத்த உடல் கொண்டவர்களுக்கான ஆயத்த உடைகளில் இறங்கினார். 1920களில் அந்த வியாபாரம் கர்ப்பகால உடையை மிஞ்சியது. இன்று அமெரிக்காவில் லேன் பிரையன்ட் என்றால் பெரிய அளவு உடைகள்தான் நினைவுக்கு வரும். அதைத் தொடங்கிவைத்த கர்ப்பிணியை யாரும் நினைப்பதில்லை.

எலாஸ்டிக்கும் மடிப்பும் ஒரு சிக்கலைத் தீர்க்காமல் விட்டிருந்தன. ஸ்கர்ட் இடுப்பிலிருந்து தொங்கும் உடை. வயிறு முன்னால் வரும்போது துணி அந்த மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டும். பின்னால் அந்த வேலை இல்லை. ஆகவே முன்பக்கக் கீழ்விளிம்பு தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் தொங்கும். சுற்றிக் கட்டும் ஸ்கர்ட்டானால் இன்னும் மோசம். ஓரங்கள் விலகி, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். 1930களில் அமெரிக்கக் கர்ப்பிணிக்குக் கடையில் கிடைத்ததில் பெரும்பகுதி இந்த வகைதான்.

டெக்சாஸின் டாலஸ் நகரில் ஃபிராங்க்ஃபர்ட் குடும்பத்துச் சகோதரிகளில் எட்னா கர்ப்பமாக இருந்தார். அவருடைய கோலத்தைக் காணப் பொறுக்காத சகோதரி எல்சி, ஒரு நேர் ஸ்கர்ட்டை எடுத்து, வயிறு வரும் இடத்தில் வளைவாக வெட்டி எறிந்துவிட்டார். மேலே அளவு மாற்றிக்கொள்ள நாடா. இப்போது ஸ்கர்ட்டின் பிடி இடுப்பின் பக்கங்களிலும் முதுகிலும் இருந்தது. வயிறு அந்த ஜன்னல் வழியாக வெளியே வந்து நின்றது. அது துணியை இழுக்கவே இல்லை. ஆகவே கீழ்விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டத்தில் நின்றது. ஜன்னலை மறைக்க மேலே நீண்ட ஜாக்கெட். வயிற்றுக்கு மேலும் மேலும் துணி சேர்ப்பதுதான் அதுவரை எல்லோரும் செய்தது. எல்சி துணியைக் குறைத்தார்.

வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கி, 1938இல் 500 டாலர் முதலில் சகோதரிகள் கடை தொடங்கினார்கள். பெயர் பேஜ் பாய். கடை போட்ட இடத்தில்தான் அவர்களுடைய வியாபார மூளை தெரிந்தது. டாலஸின் மெடிக்கல் ஆர்ட்ஸ் கட்டடம் முழுக்க டாக்டர்களின் அறைகள். செய்தி உறுதியாகி வெளியே வருகிற பெண்ணின் கண்ணில் முதலில் படுவது இந்தக் கடை. பின்னர் மூன்றாவது சகோதரி லூயிஸும் சேர்ந்துகொண்டார். எலிசபெத் டெய்லரும் ஜாக்குலின் கென்னடியும் பேஜ் பாய் உடை அணிந்தார்கள். இளம் நிறுவனத் தலைவர்களுக்கான அமெரிக்கச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனவர் எல்சி.

உடை முன்னேறினாலும் வாய் திறக்கவில்லை. 1952இல் நடிகை லூசில் பால் நிஜத்திலும் கர்ப்பமாக இருந்து, ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரிலும் கர்ப்பிணியாகவே நடித்தார். ‘கர்ப்பம்’ என்ற நேரடிச் சொல்லைத் தொடரில் உச்சரிக்க சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அனுமதிக்கவில்லை. அன்றைய கர்ப்பகால மேல்சட்டைகளில் பெரிய காலரும் கழுத்தடியில் பெரிய ‘போ’ முடிச்சும் இருக்கும். பார்ப்பவர் கண் முகத்தோடு நின்றுவிட வேண்டும், கீழே இறங்கக் கூடாது என்ற கணக்கு. 1953 ஜனவரி 19 அன்று லூசி பிள்ளை பெறும் அத்தியாயம் ஒளிபரப்பானது. அதே நாளில் லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான். சொல்லைத் தடுக்க முடிந்தது, கோடிக்கணக்கானோர் பார்த்ததைத் தடுக்க முடியவில்லை.

எல்சி வெட்டிய ஜன்னலை மூடியது வேதியியல். 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை லைக்ரா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும் இழை. வெட்டிய இடத்தில் இழுபடும் துணியை வைத்துத் தைத்தால் நாடா வேண்டாம், மறைக்க ஜாக்கெட்டும் வேண்டாம். இன்றைய கர்ப்பகால பேண்ட்டில் வயிற்றை மூடியிருக்கும் அந்த மெத்தென்ற பட்டை, எல்சியின் ஜன்னலுக்குப் போட்ட கதவு.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கிளீவ்லாந்து பள்ளிகளில் ஆசிரியை கர்ப்பமானால், பிரசவத்துக்கு ஐந்து மாதம் முன்பே சம்பளமில்லாத விடுப்பில் போயாக வேண்டும் என்று விதி இருந்தது. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1978இல் சட்டமே வந்தது. இப்போது நிறைமாதத்திலும் பெண்கள் ஆபீஸ் போனார்கள். ஆனால் கடையில் இருந்ததெல்லாம் ‘போ’ முடிச்சு வைத்த சட்டைகள். மீட்டிங்கில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்று கண்ட ரெபெக்கா மத்தியாஸ், 1982இல் பிலடெல்பியாவில் கர்ப்பிணிகளுக்கான அலுவலக உடைகளைத் தபாலில் விற்கத் தொடங்கினார். அந்த நிறுவனம் வளர்ந்து பேஜ் பாயையே பின்னாளில் வாங்கிக்கொண்டது.

1991 ஆகஸ்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான நடிகை டெமி மூர், ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில் உடையே இல்லாமல் வேனிட்டி ஃபேர் இதழின் அட்டையில் வந்தார். சில கடைகள் இதழைக் காகித உறை போட்டுத்தான் விற்றன. ஆனாலும் மறைப்பதற்கென்று தைத்த உடைகளின் காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. வயிற்றைக் கவ்வி நிற்கும் டி-ஷர்ட்டும் மேக்ஸியும் அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள்.

நம்மூரில் இந்தக் கதை தாமதமாக வந்ததற்குக் காரணம் சேலை. ஐந்தரை மீட்டர் துணியில் கர்ப்பகால உடை முன்பே ஒளிந்திருக்கிறது. உள்பாவாடை நாடாவைத் தளர்த்து, கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறை, முன்பக்கம் தூக்கினால் கொஞ்சம் இறக்கிச் செருகு. எல்சி கத்தரி எடுத்துத் தீர்த்த சிக்கலைச் சேலை கட்டுபவள் தினமும் காலையில் விரலால் தீர்த்துவிடுகிறாள். தொல்லை கொடுப்பது ரவிக்கைதான். அதற்கும் டெய்லரிடம் “உள்ளே துணி விட்டுத் தைங்க” என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, வேண்டும்போது பிரித்துவிட்டுக்கொள்ளும் வழி உண்டு. லெக்கிங்ஸும் ஜீன்ஸும் ஃபார்மல் பேண்ட்டும் அன்றாட உடையான பிறகுதான் இங்கேயும் ‘மெட்டர்னிட்டி’ என்று பலகை மாட்டிய பகுதி கடைகளில் முளைத்தது.

அந்தப் பகுதியில் நிற்கும்போது இந்த நூறாண்டுக் கதை கைகொடுக்கும். பலரும் செய்வது வழக்கமான குர்தியையே இரண்டு அளவு பெரிதாக எடுப்பது. பெரிய அளவில் தோளும் கைத்துளையும் சேர்ந்தே பெரிதாகும், கர்ப்பிணியின் தோளோ அவ்வளவாக வளர்வதில்லை. அதனால் தோள் வழியும், வயிறு மட்டும் அப்படியே பிடிக்கும். நன்றாக வெட்டிய கர்ப்பகாலச் சட்டையில் முன்பக்கத் துணி பின்பக்கத்தைவிட நீளமாக இருக்கும், அந்த உபரி பக்கத் தையலில் சுருக்காக நிற்கும். கண்ணாடிக்கு நேரே நின்று பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். கீழ்விளிம்பு முன்னும் பின்னும் ஒரே மட்டமா என்பது அப்போதுதான் தெரியும். இத்தகைய உடைகளைப் பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முந்தைய அளவைக் கணக்கில் வைத்தே தைக்கிறார்கள். ஆகவே பழைய அளவிலிருந்தே கேட்கத் தொடங்கலாம்.

பேண்ட்டில் பட்டை வயிற்றுக்கு அடியில் நிற்பதும் உண்டு, வயிற்றை முழுக்க மூடுவதும் உண்டு. முன்னது தொடக்க மாதங்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகும் உதவும், பின்னது கடைசி மாதங்களில் நழுவாமல் நிற்கும். ட்ரையல் ரூமில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உட்காருங்கள், குனியுங்கள், பஸ் படி ஏறுவதுபோல் ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். கழற்றியதும் தோலில் தடம் விழுந்திருந்தால் அந்தப் பட்டை வேண்டாம். மேல்சட்டையில் பால் கொடுக்க ஜிப் இருந்தால், பிள்ளை பிறந்த பிறகும் அது பெட்டிக்குள் போகாது. நம் வெயிலுக்குப் பருத்தி கலந்த துணிதான் தாங்கும்.

மால்சினைத் தொழிலே மாற்றவைத்த கணக்கு வாங்குபவருக்கும் பொருந்தும்: சில மாதம்தான் உடுத்தப்போகிறோம். மூன்று நான்கு உருப்படி போதும். ஆனால் அத்தனையும் ஆபீஸுக்கோ, கல்யாணத்துக்கோ, கடைத்தெருவுக்கோ தயங்காமல் போட்டுக்கொண்டு கிளம்பக்கூடியவையாக இருக்கட்டும். வீட்டில் கிடக்கத்தான் பழைய நைட்டி இருக்கவே இருக்கிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.