கொத்து அரிசி எழுபது சதம்: 1953 ஹர்த்தாலைத் திருப்பிப் பார்த்தால்

"பசி வந்தால் சனம் தானாக எழும்பும்." 2022க்குப் பிறகு எங்கள் கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். எங்களுக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏன் எண்டு சொல்ல 1953க்குப் போக வேண்டியிருக்கு.

1952 தேர்தலில் டட்லி சேனநாயக்க மலிவு அரிசியைத் தொடர்ந்து தருவதாகச் சொல்லித்தான் வென்றார். கொத்து 25 சதம். ஆனால் கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை அதற்குள் விழுந்துவிட்டது, உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. கையிருப்பு கரைந்தது. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தமும் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன மானியத்தை வெட்ட, கொத்து 70 சதமாகியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது, ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

ஓகஸ்ட் 12 அன்று ஹர்த்தால். அழைத்தவர்கள் இடதுசாரிகள், தமிழரசுக் கட்சியும் ஆதரவு. பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி கூட்டத்தில் பேசியதோடு சரி, ஹர்த்தாலில் இறங்கவில்லை. மேற்கு, தெற்குக் கரையோரத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, ரயில்கள் மறிக்கப்பட்டன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் நியூஃபவுண்ட்லாந்தில் ஏறிக் கூடியது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம்தான், கவனியுங்கோ! அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் வந்தன. சூட்டில் பத்துப் பேரளவில் செத்தார்கள்.

இனி எங்கள் கேள்வி. விலையேற்றம் யாரை அதிகம் அடித்திருக்கும்? ஒரு துண்டு வயல்கூட இல்லாமல், முழுக்க இறக்குமதி அரிசியில் சீவித்த தோட்டத் தொழிலாளரைத்தான். ஆனால் தோட்டங்கள் பெருமளவில் இறங்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது, 1952 தேர்தலில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. நாளைக்கு இந்தியாவுக்கு அனுப்பிவிடுவானோ எண்ட பயத்தோடு லயத்தில் இருப்பவன் எந்தத் துணிவில் தண்டவாளம் பெயர்ப்பான்? இழப்பு அங்கே கூட. எழும்புவதற்கான பிடிமானம்தான் இல்லை. கரையோரத்தில் அது இருந்தது: தொழிற்சங்கம், வாக்கு, ஊருக்கு ஊர் கட்சிக் கிளை.

ஆட்சி ஏன் தப்பியது என்பதற்கும் பதில் கிட்டத்தட்ட இங்கேதான். தலைவர்கள் அறிவித்தது ஒரு நாள் எதிர்ப்பு மட்டும். அடுத்த நாளும் சில ஊர்களில் சனம் வீதியில் நின்றது, ஆனால் அவர்களுக்குச் சொல்ல யாரிடமும் ஒரு திட்டம் இல்லை. ஒக்டோபரில் டட்லி விலகினார், சேர் ஜோன் கொத்தலாவல வந்தார், விலை 55 சதத்துக்கு இறங்கியது. ஜே.ஆருக்கு வேறு அமைச்சு. ஆளை மாற்றி, விலையைக் கொஞ்சம் குறைத்து, யூ.என்.பி. இன்னும் இரண்டரை வருடம் ஓட்டியது.

அந்தக் கோபம் ஆறவில்லை. அதை 1956இல் அறுவடை செய்தவர் ஹர்த்தாலுக்கு வராத பண்டாரநாயக்க. யூ.என்.பி.க்கு மிஞ்சியது 8 ஆசனம். ஹர்த்தாலின் முன்னணியில் நின்ற பிலிப் குணவர்தன புதிய அரசில் விவசாய, உணவு அமைச்சர். அந்த அரசு ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அன்று, 1953இல் ஹர்த்தாலுக்குத் துணைநின்ற அதே தமிழரசுக் கட்சிக்காரர்கள் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கினார்கள்.