ஈனுலை எஃகிலிருந்து இணைவு எஃகு வரை: பல்தேவ் ராஜும் கல்பாக்கத்து உலோகவியலும்

இந்தியாவில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் குஜராத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1986-இல் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், 1989-இல் ஆதித்யா டோகமாக் என்ற இணைவுச் சோதனைக் கருவி, பிரெதிமன் கிருஷ்ண காவின் நீண்ட தலைமை என்று அந்த வரலாறு போகும். பிளாஸ்மாவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பிளாஸ்மாவைச் சூழ்ந்து நிற்க வேண்டிய உலோகத்தின் வரலாறு கல்பாக்கத்தில், இணைவைப் பற்றிப் பேச்சே இல்லாத காலத்தில், வேக ஈனுலைக்காக (வேக நியூட்ரான்களால் இயங்கி எரிபொருளைப் பெருக்கும் உலை) நடந்த வேலையில் தொடங்குகிறது. பல்தேவ் ராஜின் (1947–2018) பணிவாழ்வு இதற்கு நல்ல சான்று.

ராய்ப்பூரில் உலோகவியல் படித்து 1969-இல் அணுசக்தித் துறையில் சேர்ந்த அவர், தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கல்பாக்கத்தில் கழித்தார். பொருளை அறுக்காமல், உடைக்காமல், மீயொலியும் எக்ஸ் கதிரும் கொண்டு உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பது அவருடைய துறை. அதே உத்திகளைத் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராயவும் பயன்படுத்தி, சகாக்களோடு சேர்ந்து ஒரு நூலும் எழுதினார். அணு விஞ்ஞானியின் நூல்பட்டியலில் இப்படியொரு நூல் இருப்பது எனக்கு அவர்மேல் தனி மதிப்பைத் தருகிறது.

கல்பாக்கத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. வேக நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கும். உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உருவாகி உலோகம் உப்பும். வழக்கமான துருப்பிடிக்கா எஃகைவிட 9 சதவீதக் குரோமியம் கலந்த எஃகு இந்த உப்பலை நன்றாகத் தாங்கும். இத்தகைய எஃகைக் கையாண்ட அனுபவம்தான் பின்னால் இணைவு ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது.

2005 டிசம்பரில், பல நாடுகள் சேர்ந்து இணைவு உலை கட்டும் ஐட்டர் திட்டத்தில் இந்தியா சேர்ந்தது. 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிவரும் நியூட்ரானின் ஆற்றல் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட். உலையைச் சுற்றி அமையும் போர்வை அந்த அடியைத் தாங்க வேண்டும். தானும் நெடுங்காலக் கதிரியக்கக் கழிவாகிவிடக் கூடாது. ஈனுலைக்காரர்கள் நன்கு அறிந்த 9 குரோமிய எஃகில் மாலிப்டினமும் நையோபியமும் உண்டு. நியூட்ரான் பட்டால் நையோபியத்திலிருந்து சுமார் 20,000 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஐசோடோப்பும், மாலிப்டினத்திலிருந்து 2 லட்சம் ஆண்டைத் தாண்டும் டெக்னீசியமும் பிறக்கும். அதனால் மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நையோபியத்துக்குப் பதில் டாண்டலம். ஜப்பானும் ஐரோப்பாவும் ஏற்கெனவே இந்த வழியில் போயிருந்தன.

எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் கல்பாக்கத்தின் பங்கு இருக்கிறது. டங்ஸ்டனை 1 முதல் 2 சதவீதம் வரையும், டாண்டலத்தை 0.06 முதல் 0.14 சதவீதம் வரையும் மாற்றி நான்கு உருக்குகள் வார்க்கப்பட்டன. டங்ஸ்டன் கூடினால் வெப்பத்தில் நெடுநாள் பளு தாங்கும் வலிமை கூடியது. ஆனால் எந்த வெப்பநிலைக்குக் கீழே எஃகு நொறுங்குமோ அந்த வெப்பநிலையும் மேலேறியது. டாண்டலம் கூடினால் நொறுங்கும் வெப்பநிலை ஏறியதோடு பளு தாங்கும் வலிமையும் குறைந்தது. கடைசியில் 1.4 சதவீத டங்ஸ்டனும் 0.06 சதவீத டாண்டலமும் கொண்ட கலவை இந்திய எஃகாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐதராபாத்தின் மிதானி ஆலை இதை வெற்றிடத்தில் உருக்கி வார்த்தது.

பல்தேவ் ராஜ் இந்த எஃகைக் கண்டுபிடித்தார் என்று எழுதினால் அது மிகை. ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் லாஹா, ஜெயக்குமார், சரோஜா உள்ளிட்ட ஒரு பெரிய குழுவினர். 2004 முதல் 2011 வரை கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த அவர், ஈனுலைக்கென்று வளர்ந்த ஆட்களையும் கருவிகளையும் இணைவின் பக்கம் திருப்பினார். 2011-இல் ஜெயக்குமாரோடு அவர் வெளியிட்ட கட்டுரை இந்த எஃகைப் பற்றியும் அதை வெல்டிங் செய்யும் முறைகளைப் பற்றியும் பேசுகிறது. அவரை வெறும் நிர்வாகி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வெல்டிங் தையலின் குறையைக் கண்டறிவது அவர் வாழ்நாள் தொழில்.

ஓய்வுக்குப் பின் அவர் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனங்களில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தார். வார்ப்பாலைகளும் மோட்டார் பட்டறைகளும் நிறைந்த ஊருக்கு உலோகவியலாளர் வந்தது பொருத்தமே. ஆனால் அந்தத் தொடர்பைக் கொங்கு நாடு போதுமான அளவு பயன்படுத்திக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலை இன்னும் முடியவில்லை. இணைவு உலைக்கு இணையான நியூட்ரான் பாய்ச்சலில் எஃகைச் சோதிக்கும் நிலையம் ஸ்பெயினின் கிரனடா அருகே இப்போதுதான் உருவாகிறது. வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்திலிருந்து பொறியியல் படிக்கக் கோவைக்குப் போகும் பிள்ளைகளில் சிலராவது கணினியை விட்டு உலோகவியலை எடுத்துப் படிக்க வேண்டும். கல்பாக்கம் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை.