வெப்பப் பம்பியும் இணை உற்பத்தியும்: குளிர்நாட்டு வீடுகளைக் குறைந்த செலவில் சூடாக்குவது எப்படி?

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களுக்குக் குளிர்காலம் செலவுக்காலம். வாடகை, வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்பும் காசு என்பவற்றுக்கு மேல் வெப்பமூட்டல் கட்டணமும் வந்து சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு வீடு பயன்படுத்தும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அறைகளைச் சூடாக்கவும் சுடுநீருக்குமே போகிறது. மின்குமிழ்களை அணைத்து மிச்சம் பிடிப்பதை விட, வீட்டை எதனால் சூடாக்குகிறோம் என்பதே பெரிய கணக்கு.

நான் டென்மார்க்கில் வெப்பமூட்டல் துறையில் வேலை செய்பவன். பழைய போய்லரை மாற்றும் நேரம் வந்ததும் எம்மவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். ஹீற் பம்ப் எனப்படும் வெப்பப் பம்பி உண்மையில் இலாபமா? நகரத்தின் குழாய் வழி வெப்பத்தில் இணைவது நல்லதா? பதில் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

வெப்பப் பம்பி எப்படி வேலை செய்கிறது?

வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருந்த வெப்பத்தை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பியும் அதையே செய்கிறது. வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது.

உறைபனிக் காற்றில் வெப்பம் ஏது என்று பலரும் கேட்பார்கள். இக்கருவிகளில் ஓடும் திரவம் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். உதாரணமாக, புரொப்பேன் சாதாரண அமுக்கத்தில் மறை 42 பாகையில் கொதிக்கிறது. அதற்கு மறை 10 பாகைக் காற்றும் சூடானதே. கொதித்து ஆவியானதை மின்சாரத்தால் இயங்கும் அமுக்கி நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. அந்தச் சூடு றேடியேற்றர் நீருக்கு மாறுகிறது.

இதனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு அலகு வெப்பம் கிடைக்கிறது. சாதாரண மின்சார ஹீற்றரில் ஓர் அலகுக்கு ஓர் அலகுதான். கடுங்குளிர் நாட்களில் பம்பியின் பலன் இரண்டுக்கு அருகில் இறங்கலாம். ஆகவே விளம்பரத்தில் தரப்படும் உயர்ந்த எண்ணை விட்டுவிட்டு, எஸ்சிஓபி எனக் குறிக்கப்படும் ஆண்டுச் சராசரியைக் கேளுங்கள்.

இணை உற்பத்தி என்றால் என்ன?

எரிபொருளை எரித்து மின்சாரம் மட்டும் எடுக்கும் பழைய அனல்மின் நிலையத்தில் 100 அலகு எரிபொருளுக்கு ஏறத்தாழ 40 அலகு மின்சாரமே கிடைக்கும். மீதி வெப்பமாகக் கடலுக்கோ காற்றுக்கோ போய்விடும். அந்த வீண் வெப்பத்தைப் பிடித்துச் சுடுநீராக நகரத்துக்கு அனுப்புவதே இணை உற்பத்தி. மின்சாரத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும், மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து 80 முதல் 90 அலகு வரை பயனாகிறது.

1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் சக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெயில் தங்கியிருந்தது. அந்த அதிர்ச்சியின் பின் 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. இன்று இங்கு மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் நிலத்தடிக் குழாய்களில் வரும் பொது வெப்பத்தில் சூடாகின்றன. எஸ்பியேர்க் நகரில் நிலக்கரியால் இயங்கிய இணை உற்பத்தி நிலையம் 2024இல் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியவற்றில் முக்கியமானவை கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பாரிய பம்பிகள்.

போரும் வெப்பமும்

எரிபொருளுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது எப்படிப்பட்டது என்பதைப் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எமது தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் வராத நாளில் விளக்கும் இல்லை, தோட்டத்துக்கு நீரிறைப்பும் இல்லை.

ஐரோப்பாவிலும் இந்தத் தொழில்நுட்பங்களை முன்னே தள்ளியது பெரும்பாலும் எரிபொருள் பயம்தான். நிலக்கரி வளமற்ற சுவிஸில், சூரிச் நகர மண்டபத்துக்கு லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பி 1938இலேயே பூட்டப்பட்டது. 2022இல் ரஷ்ய எரிவாயு குறைந்தபோது ஐரோப்பாவெங்கும் வெப்பப் பம்பி விற்பனை பாய்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உக்ரைனில் மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் நிலையங்கள் குளிர்காலங்களில் தாக்கப்பட்டபோது, ஒரே அடியில் முழு நகர்ப்பகுதிகளும் இருளிலும் குளிரிலும் விழுந்தன. சிக்கனமான பெரிய நிலையம் இலகுவான இலக்குமாகிறது. வெப்பப் பம்பியும் மின்சாரம் நின்றால் நின்றுவிடும். எது பூட்டினாலும் வீட்டுச் சுவரும் கூரையும் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையொப்பமிட முன் பார்க்க வேண்டியவை

முதலில் விலை விகிதம். எரிவாயு ஓர் அலகு 10 சதம், மின்சாரம் 30 சதம் என்று வையுங்கள். 90 சதவீதத் திறனுள்ள போய்லரில் ஓர் அலகு வெப்பத்துக்கு 11 சதம் செலவாகும். எஸ்சிஓபி 3 உள்ள பம்பியில் 10 சதம், 4 என்றால் ஏழரைச் சதம். பிரித்தானியாவில் மின்சாரம் எரிவாயுவை விட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. அங்கே 3 போதாது, 4ஐ நெருங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்டோபரிலிருந்து வழங்கப்படும் 7,500 பவுண் உதவித்தொகை பூட்டும் செலவைக் குறைக்குமே தவிர மாதக் கட்டணத்தைக் குறைக்காது. நேரடி மின்சார ஹீற்றரால் சூடாகும் வீடுகளில் இலாபம் மிகத் தெளிவு. நோர்வேயில் சுமார் 60 சதவீத வீடுகளில் பம்பி இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இரண்டாவது, உங்கள் வீடு. குளிரான ஒரு நாளில் போய்லரிலிருந்து போகும் நீரின் வெப்பநிலையை 50 அல்லது 55 பாகைக்குக் குறைத்து விடுங்கள். வீடு அப்போதும் சூடாக இருந்தால் பம்பிக்கு ஏற்றது. இல்லையென்றால் முதலில் கூரை, யன்னல், கதவு இடுக்குகளைச் சரிசெய்யுங்கள், அல்லது பெரிய றேடியேற்றர் போடுங்கள்.

மூன்றாவது, தெருவில் குழாய் வருமா என்று நகரசபையிடம் கேளுங்கள். ஜேர்மனியில் ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்கள் 2026 ஜூன் முடிவுக்குள்ளும், ஏனையவை 2028 ஜூன் முடிவுக்குள்ளும் வெப்பத் திட்டம் தயாரிக்கச் சட்டம் சொல்கிறது. நெருக்கமாக வீடுகள் உள்ள பகுதிக்குப் பொதுக்குழாய் பெரும்பாலும் பொருந்தும், தனித்து நிற்கும் வீட்டுக்குப் பம்பி பொருந்தும். வீட்டுக்குள்ளேயே வைக்கும் சிறிய இணை உற்பத்திக் கருவிகளும் உண்டு. ஆனால் அவை நீண்ட நேரம் தொடர்ந்து ஓடினால்தான் பலன் என்பதால், ஒரு குடும்ப வீட்டை விட மாடிக்குடியிருப்புக்கும் விடுதிக்குமே ஏற்றவை.

கடைசியாக, தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற முகத்துக்காக யாரிடமும் கையொப்பமிட வேண்டாம். குறைந்தது மூன்று இடங்களில் எழுத்தில் விலை கேளுங்கள். வீடு இழக்கும் வெப்பத்தை அறை அறையாகக் கணக்கிட்டுத் தராதவரைத் தவிருங்கள். தேவைக்கு மேல் பெரிய பம்பி அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும், விரைவில் பழுதாகும். போய்லர் நல்ல நிலையில் இருக்கும்போதே இவற்றை விசாரித்து வையுங்கள். ஜனவரியில் அது நின்ற பிறகு விலை பேச நேரம் இருக்காது.