பெட்டிக்குள் வந்த கார்கள்



டிட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு லாரிப் படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது மேஜை மேல் நிற்கும் பிளாஸ்டிக் லாரி என்று புரிந்தது. "சார், கடையில் வாங்கின பொம்மை இல்லை. பெட்டியில் உதிரியாக வந்ததை ஒட்டி, பெயின்ட் அடித்து, சேஸிஸை அறுத்து நீட்டி நானே கட்டினது" என்று எழுதியிருந்தார். இதற்கு ஒரு வரலாறு இருக்க வேண்டுமே என்று தேடப் போனேன். இருக்கிறது, அதுவும் நல்ல வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1930. அமெரிக்கா பொருளாதாரச் சரிவில் விழுந்திருந்த நேரம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் பாடி என்ற பிரிவு சிறுவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்று அந்தக் கம்பெனியின் முத்திரையாக இருந்தது. அதைச் சின்ன அளவில் செய்ய வேண்டும். வரைபடம் வரும், மற்றதெல்லாம் பையன் பாடு. மரத்தைச் செதுக்கணும், தகட்டை வெட்டி வளைக்கணும், உள்ளே மெத்தை தைக்கணும், கதவு திறந்து மூடணும். ஜெயித்தால் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1937-ல் இன்னொரு பிரிவும் சேர்த்தார்கள்: சொந்தக் கற்பனையில் ஒரு கார், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில். போகப் போக அரச வண்டி போய்விட்டது, கார் மட்டும் நின்றது. 1968 வரை இந்தப் போட்டி நடந்தது.

இது தர்மம் இல்லை, ஆள் தேடும் வேலை. 1947-ல் பரிசு வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர் 1949-ல் அதே ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1986-ல் அந்தக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். இப்படிப் போட்டி வழியாக உள்ளே போன வடிவமைப்பாளர்கள் இன்னும் பலர்.

ஆனால் ஒன்று. போட்டி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். 38 வருடம் அப்படியே நடத்தினார்கள். 1950-களில் அதே கம்பெனி பெண் வடிவமைப்பாளர்களை எடுத்தபோதும் பெரும்பாலும் சீட்டுத் துணி, உள் அலங்காரம், நிறம் என்று உள்பக்க வேலையைத்தான் கொடுத்தது. பதினான்கு வயதில் மரக்கட்டையில் கார் செதுக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதற்கும், நாற்பது வயதில் காரின் வெளி உருவத்தை யார் வரைந்தார் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் எனக்கு மிகச் சுத்தமாகத் தேசப்படம் வரைந்து தந்தவர்கள் பெண் பிள்ளைகள்தான். இதைப் படிக்கும்போது அவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். பெட்டியின் கதைகளில் ஒன்று இங்கிலாந்தில் ஒரு டிராக்டரில் இருக்கிறது. ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939-ல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, பிறகு சீப்பு. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி, தன் விற்பனையாளர்கள் கையில் கொண்டுபோய்க் காட்ட ஒரு மாதிரி டிராக்டர் கேட்டது. செய்து கொடுத்தார்கள். ஆனால் உதிரிகளைச் சேர்த்து முழு டிராக்டராக்குவது சள்ளை பிடித்த வேலை. ஒட்டாமலே பெட்டியில் போட்டு விற்றால் என்ன? வாங்குகிறவனே ஒட்டிக்கொள்ளட்டும்! தொழிற்சாலைக்குத் தலைவலியாக இருந்த வேலை பையன்களுக்கு விளையாட்டாகிவிட்டது. அதற்குக் காசும் கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு தொடக்கம் விற்பனையாளர் பொம்மைதான். 1948-ல் மிச்சிகனில் வெஸ்ட் கல்லோக்லி என்ற வழக்கறிஞர் 'அலுமினம் மாடல் டாய்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஃபோர்டு டீலர்களுக்கு அலுமினியத்தில் சின்ன ஃபோர்டு கார் செய்து கொடுத்தார். சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறியதால் பெயரில் அலுமினியம் இருப்பது பொருந்தாமல் போனது. ஏ.எம்.டி. என்று சுருக்கிக்கொண்டார்கள். டீலர் கடையில் மேஜை மேல் இந்தக் கார் நிற்கும், அசல் கார் வரும் அதே நிறத்தில். அப்பா காருக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது மகன் கைக்கு ஒன்று போகும். அன்று பயன்படுத்திய பிளாஸ்டிக் நாளாக ஆகக் கோணிக்கொள்ளும் ரகம். இன்றும் அந்தக் காலத்துக் கார்கள் சில நடு முதுகு வளைந்து கிடப்பதைப் படங்களில் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம்: அடுத்த வருடக் கார் வெளிவரும் அன்றே அதன் குட்டி மாதிரியும் டீலரிடம் இருக்க வேண்டும். அப்படியென்றால் அச்சு வெட்டுகிறவருக்குக் காரின் வரைபடம் பல மாதம் முன்னாலேயே போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வேலிக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரகசியம் பொம்மைக் கம்பெனி மேஜையில் விரித்துக் கிடந்தது.

1958-ல் ஏ.எம்.டி. ஒரு நல்ல யோசனை பண்ணியது. டீலர் பொம்மைக்கு வெட்டிய அச்சு கையில் இருக்கிறது. அதையே உதிரியாக வார்த்து, கூடவே வேறு விளக்கு, வேறு முன்பக்கக் கிரில், பந்தயச் சக்கரம், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்துப் போட்டால்? 'ஒன்றில் மூன்று' என்று பெட்டியில் அச்சிட்டார்கள். கம்பெனி விட்ட மாதிரியே கட்டலாம், அலங்காரக் காராகக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். விலை ஒன்றரை டாலர் அளவில். அளவு 1/25. இன்னொரு கம்பெனியான மோனோகிராம் 1/24 அளவில் செய்தது. அதாவது அசலில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். (கணக்குப் பிடிக்காத என் மாணவர்கள் அரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

ஒன்றில் மூன்று என்று போட்டிருந்தாலும் பையன்கள் மூன்றோடு நிற்கவில்லை. ஒரு பெட்டியின் இன்ஜின், இன்னொரு பெட்டியின் சக்கரம், மூன்றாவது பெட்டியின் சீட்டு. கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள், கதவைத் தனியாக வெட்டித் திறக்கும்படி செய்தார்கள். மிச்சமான உதிரி எதையும் எறிவதில்லை, ஒரு டப்பாவில் சேரும். வேலை முறையைப் பார்த்தால் நம் ஊர் டிங்கரிங் பட்டறைதான்: அறுப்பது, ஒட்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, பிரைமர், பெயின்ட். ஒட்டும் பசையும் சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அது ஒட்டு இல்லை, பற்றவைப்பு மாதிரி.

அந்தப் பசையால் ஒரு கேடும் வந்தது. 1960-களில் பிள்ளைகள் போதைக்காக அதை முகரத் தொடங்கினார்கள். உயிர்ச்சேதமும் நடந்தது. ஊருக்கு ஊர் பசை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பசை செய்த டெஸ்டர் கம்பெனி அந்தப் பத்தாண்டின் கடைசியில் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கடுகு எண்ணெயின் காரச்சத்தைக் கலந்தது! ஆழ்ந்து முகர்ந்தால் மூக்கு எரியும். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

அசல் காரைப் பார்த்து மாதிரி செய்வதுதான் முறை. இந்தக் காலத்தில் அது தலைகீழானது. கலிஃபோர்னியாவில் எட் ராத் என்பவர் ஃபைபர் கிளாஸில் விசித்திரமான கார்கள் கட்டினார். ரெவல் கம்பெனி அவற்றைப் பெட்டியில் போட்டது. பெட்டிக்கு ஒரு சென்ட் அவருக்கு. ஒரு சென்ட்தானே என்று நினைக்காதீர்கள், பெட்டிகள் லட்சக்கணக்கில் போயின. மோனோகிராமுக்கு டாம் டேனியல் என்ற ஓவியர் வரைந்த 'ரெட் பேரன்' இன்னும் வேடிக்கை. முதல் உலகப்போர் ஜெர்மன் இரும்புத் தொப்பியையே கூரையாக வைத்த கார். 1968-ல் பெட்டியாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் அசல் அளவில் ஓடும் காரே கட்டுவித்துக் கண்காட்சிகளில் நிறுத்தினார். பொம்மைதான் மூலம், கார்தான் நகல்.

லாரிகள் கொஞ்சம் தாமதமாக வந்தன. 1960-களின் கடைசியில் ஏ.எம்.டி. பீட்டர்பில்ட் 359 லாரியை 1/25-ல் கொண்டுவந்தது. பின்னாலேயே கென்வொர்த், ஆட்டோகார். இழுக்கும் வண்டி ஒரு பெட்டி, ட்ரெய்லர் தனிப் பெட்டி. ஏணி போன்ற சேஸிஸ், அதன் மேல் இன்ஜின், கியர் பாக்ஸ், ஓட்டும் தண்டு, அச்சு, பிரேக் காற்று உருளை வரை எல்லாம் தனித்தனி உதிரி. கார் கிட்டில் பாடி ஒரே துண்டாக வந்துவிடும், லாரியில் கேபினையே சுவர் சுவராகக் கட்ட வேண்டும்.

காருக்கும் லாரிக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. கார் தொழிற்சாலையிலிருந்து ஒரு முகத்தோடு வருகிறது. பெரிய லாரி அப்படி இல்லை. அமெரிக்காவில் வாங்குகிறவர் இந்த இன்ஜின், இந்த கியர் பாக்ஸ், இவ்வளவு நீளம் என்று சொல்லிச் செய்யச் சொல்வார். இங்கே திருச்செங்கோடு, நாமக்கல் பட்டறைகளில் வெறும் சேஸிஸைக் கொண்டுபோய் நிறுத்தி, மரமும் இரும்பும் வைத்துப் பாடி கட்டி, நெற்றியில் குலதெய்வம் பெயர் எழுதி வெளியே வருகிறதே, அதே மாதிரி. ஆகவே லாரி மாதிரி கட்டுகிறவர் சேஸிஸை அறுத்து நீட்டினால் அது அசலிலிருந்து விலகுவது ஆகாது. லாரியின் இயல்பே அதுதான். ஐரோப்பிய லாரிகளைப் பின்னால் இத்தாலியின் இட்டாலேரி கம்பெனி 1/24-ல் நிறைய வெளியிட்டது.

இனி இந்த வரலாற்றின் வருத்தமான பகுதி. பெட்டிகள் வருடாவருடம் மாறின என்றேன். 1962 கார் 1963-ல் கொஞ்சம் உருமாறும். விளக்கு, கிரில், பின்பக்க வால் மாறும். புது எஃகு அச்சு வெட்ட ஏகப்பட்ட செலவு. அதனால் பழைய அச்சையே எடுத்து, மாற வேண்டிய இடத்தை மட்டும் திருத்தி வெட்டினார்கள். திருத்திய நிமிடத்தில் 1962 போயிற்று. மறுபடி வார்க்க முடியாது. டீலர் பொம்மைக்கான அச்சும் அதுதான் என்பதால் இரண்டுக்கும் ஒரே கதி. சில அச்சுகளைப் பந்தயக் காராக்கச் சக்கர வளைவைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள். அவற்றையும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது லேசில்லை. பையன்கள் பெட்டியில் வந்ததை அறுத்து மாற்றினார்கள் என்றால், கம்பெனி தன் மூலத்தையே அறுத்து மாற்றிக்கொண்டிருந்தது. ஓலைச்சுவடியைச் சுரண்டி அதிலேயே வேறு எழுதினால் எப்படி இருக்கும்? அன்று யாருக்கும் அது சுவடியாகத் தோன்றவில்லை, ஒன்றரை டாலர் பொம்மையாகத்தான் தோன்றியது.

1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலையும் ஏறியது. பையன்கள் வளர்ந்தார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் வந்தது. 1978-ல் ஏ.எம்.டி.யை இங்கிலாந்தின் லெஸ்னி வாங்கியது, பிறகு அயோவாவின் எர்டல். 1986-ல் ரெவலும் மோனோகிராமும் ஒன்றாயின. கைமாறிய கதையை இதற்கு மேல் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

ஜப்பான் வழி வேறு. ஷிசுவோக்கா ஊரில் 1946-ல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது தமியா. மர மாதிரிகளில் பிழைத்துவந்தவர்களை அமெரிக்க பிளாஸ்டிக் பெட்டிகள் அசைத்தன. 1960-ல் தாங்களும் பிளாஸ்டிக்கில் இறங்கி, முதல் கப்பலிலேயே நஷ்டப்பட்டார்கள். நிமிர்ந்தது அடுத்து வந்த பீரங்கி வண்டியில். நிறுவனரின் மகன் ஷுன்சாகு தமியா விவரம் என்றால் பைத்தியம். 1970-களில் போர்ஷே 934 மாதிரி செய்ய, போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். மாதிரி 1976-ல் வந்தது. தமியா உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்தும் சுத்தத்தை டிட்ராய்ட் பெட்டிகளில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'இதை நீ எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்' என்று பெட்டியிலேயே எழுதிக் கொடுத்தது டிட்ராய்ட்தான். இரண்டில் எது என்று கேட்டால், வாத்தியாராக நான் டிட்ராய்ட் பக்கம்.

இன்று ஏ.எம்.டி. பெயர் இந்தியானாவின் ரவுண்ட் டூ கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் தொலைந்துபோன அச்சுகளை மீட்கச் செய்வது இதுதான்: ஒட்டப்படாமல் தப்பித்த பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து, உதிரிகளைக் கணினியில் வருடி அளந்து, புது அச்சு வெட்டுகிறார்கள். அறுபது வருடம் முன்னால் ஏதோ ஒரு பையன் வாங்கியும் பிரிக்காமல் பரணில் விட்ட பெட்டிதான் இப்போது மூலப்பிரதி. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல் நரைத்தவர்கள்.

கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, அந்த மாணவர் சொன்ன குறிப்புகளைத் தருகிறேன். முதலில் லாரி வேண்டாம், கார் வாங்குங்கள். உதிரிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. உதிரியைத் திருகிப் பிய்க்காதீர்கள், சின்னக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டியை அவர்கள் கையில் கொடுங்கள். முடித்ததும் கீழே பின்னூட்டத்தில் படம் போடுங்கள், மதிப்பெண் போடுகிறேன்.