வீட்டு இணைய இணைப்பும் வேலை தேடலும்

வேலை இழந்தவர் அடுத்த வேலையைத் தேடும் விதத்தையும், அது கிடைக்கப் பிடிக்கும் காலத்தையும் வீட்டு இணைய இணைப்பு எவ்வாறு மாற்றுகிறது என்பது, 1990களின் இறுதியிலிருந்து தொழிலாளர் பொருளியலில் ஆராயப்பட்டு வருகிறது. இது பற்றிய முக்கிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்துள்ளன.

செயல்படும் விதம்

நாளிதழ் வரி விளம்பரங்களையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் நம்பியிருந்த காலத்தில், காலியிடம் பற்றிய செய்தி வாரத்தில் சில நாள்களே கிடைத்தது. வீட்டில் இணைப்பு இருப்பவர் எந்நேரமும் தேடலாம்; அஞ்சல் செலவின்றிப் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே வசதி மற்றவர்களுக்கும் இருப்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் போட்டி கூடுகிறது.

அமெரிக்க ஆய்வுகள்

1998இல் அமெரிக்காவில் வேலையில்லாமல் வேலை தேடியோரில் சுமார் 15 விழுக்காட்டினர் இணையத்தைப் பயன்படுத்தினர். பீட்டர் குன், மிக்கல் ஸ்குடெருட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் தேடியோருக்கு மேலோட்டமான கணக்கில் விரைவாக வேலை கிடைத்திருந்தது. கல்வி, தொழில் முதலியவற்றில் ஒத்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்த முந்துதல் மறைந்தது. குன், ஹானி மன்சூருடன் 2014இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு மாறியிருந்தது: 2000களின் நடுப்பகுதிக்குப் பின் இணையத்தில் தேடியோர், தேடாதவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு விரைவாக வேலை பெற்றனர். நண்பர், உறவினரைத் தொடர்புகொள்ளவும் விண்ணப்பங்களை அனுப்பவும் பயன்பட்டபோது பலன் மிகுதியாக இருந்தது.

ஜெர்மனி ஆய்வு

இணைப்பு வாங்குவோர் ஏற்கெனவே வசதியும் முனைப்பும் உடையவர்களாக இருக்கக்கூடும் என்பதால், எது காரணம், எது விளைவு எனப் பிரிப்பது கடினம். இதற்கு ஜெர்மனியின் பழைய தொலைபேசி வலையமைப்பு உதவியது. தொலைபேசி நிலையத்தின் முதன்மை இணைப்பகத்திலிருந்து செம்புக் கம்பி ஏறத்தாழ 4,200 மீட்டருக்கு மேல் நீண்டால் அதில் டிஎஸ்எல் அகன்ற அலைவரிசை இயங்காது. நிலையங்களின் இடங்கள் இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவானவை. எனவே எல்லைக்கு உள்ளும் வெளியும் அமைந்த ஊர்களை ஒப்பிட முடிந்தது. அதிவேக இணையம் கிடைத்த இடங்களில், வேலை இழந்த முதல் சில மாதங்களுக்குப் பின் மறுவேலை வாய்ப்பு மேம்பட்டதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டு இணைப்பு இணையவழித் தேடலையும் கூட்டியது.

வரம்புகள்

தனியொருவர் பெறும் பயன் நாட்டின் வேலையின்மையைக் குறைக்கும் என்பது உறுதியில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளம் அமெரிக்க நகரங்களில் பரவியதை ஆராய்ந்த கோரி க்ரோஃப்ட், டெவின் போப் ஆகியோர், நாளிதழ் வேலை விளம்பரங்கள் குறைந்ததைக் கண்டனர். வேலையின்மை விகிதத்தில் மாற்றம் காணவில்லை. இணைப்பில்லாதோர் மீதான சுமையோ கூடியுள்ளது. பிரிட்டனில் 2013இல் அறிமுகமான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்குப் பெரும்பாலும் இணையம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அங்கு இணைப்பு இல்லாதவருக்கு வேலை தேடுவது மட்டுமன்றி, தேடும் காலத்து வருமானத்தைப் பெறுவதும் கடினமாகிறது.