ஆயுள் கணிப்பு: ஓலைச்சுவடியும் பதிவேடும்

ஆயுள் கணிப்பு என்பது மனிதர் எத்தனை ஆண்டுகள் வாழ்வர் என முன்கூட்டியே அறியும் முயற்சி. திண்டுக்கல் வட்டாரத்தில் சோதிடரும் சித்த வைத்தியரும் தனி மனிதரின் ஆயுளைக் கணித்தனர். பின்னர் வந்த மக்கள்தொகைக் கணக்கு, சமூகம் முழுமைக்குமான சராசரியைக் கணித்தது.

மரபு முறைகள்

சோதிடத்தில் எட்டாம் இடம் ஆயுள் ஸ்தானம். அற்பாயுள், மத்திமாயுள், தீர்க்காயுள் என ஆயுளை மூன்றாகப் பிரிப்பர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ‘ஆயுள் பரீட்சை’ என்றே ஒரு பகுதி உள்ளது. கையின் தோற்றத்தையும் மூச்சின் ஓட்டத்தையும் கொண்டு எஞ்சிய காலத்தை அறியும் முறையை அது கூறுகிறது. போகரோடு தொடர்புபடுத்தப்படும் பழனியின் சித்தர் மரபு, ஆயுளை நீட்டிக்கும் காயகற்பத்தையும் பேசுகிறது.

கணக்கெடுப்பு

அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. கிராம முன்சீப் பிறப்பு, இறப்புகளைப் பதிந்தார், பல விடுபட்டன. எனவே ஆயுள் அட்டவணைகள் அடுத்தடுத்த கணக்கெடுப்புகளின் வயது விவரங்களை ஒப்பிட்டே தயாரிக்கப்பட்டன. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பலருக்குத் தம் வயதே தெரியாது. தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) முன்னா பின்னா என்று கேட்டே வயதை ஊகிக்க வேண்டியிருந்தது. அதனால் 0, 5 என முடியும் வயதுகளில் எண்ணிக்கை குவிந்தது.

1911–21 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 20 ஆண்டுகளே. 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் அதைக் குறைத்தது. இருபது வயதில் எல்லோரும் இறந்தனர் என்பது இதன் பொருளல்ல. குழந்தைச் சாவுகளே சராசரியைக் கீழே இழுத்தன.

காந்திகிராமம்

டி.எஸ். சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பின்னர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1947-இல் ஜி. ராமச்சந்திரனுடன் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை தாய்சேய் நலத்தை முதன்மையாகக் கொண்டது. 1959 முதல் ஆத்தூர் ஒன்றியத்தில் நடந்த முன்னோடித் திட்டம் கிராமச் சுகாதாரத்தையும் குடும்ப நலத்தையும் வீடுதோறும் கொண்டுசென்றது.

முக்கியத்துவம்

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் 1969-இல் வந்தது. இன்று இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 70 ஆண்டுகள். ஒரு நூற்றாண்டில் கூடிய ஐம்பது ஆண்டுகளில் பெரும்பங்கு முதியோர் மேலும் நெடுநாள் வாழ்ந்ததால் வந்ததன்று, குழந்தைகள் பிழைத்ததால் வந்தது. ஜாதகம் எழுதப்படும் முன்பே இறந்த குழந்தைகளின் கணக்கைப் பதிவேடுதான் வெளிக்கொணர்ந்தது.